எலும்பின் உறுதியை அறுவையின்றி அறிய உதவும் மீயொலிப் பரிசோதனை

கோலார் தங்கவயல்: பாறையை உடைக்காமலேயே அதன் உறுதியை ஒலி அலைகளின் மூலம் மதிப்பிட முடியும் என்பது, சுரங்கத்தோடு வாழ்ந்த தங்கவயலுக்குப் புதிய செய்தி அன்று. இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அழுத்தம் தாளாமல் பாறைகள் வெடித்துச் சிதறும் விபத்துகள் அங்கு அடிக்கடி நேர்ந்தன. பாறைகளின் தன்மையை ஆராய்வதற்காக 1988-ஆம் ஆண்டில் மத்திய சுரங்க அமைச்சகத்தின் கீழ் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டது.

பாறைத் துண்டின் ஒரு முனையில் மீயொலித் துடிப்பைச் செலுத்தி, மறுமுனையை அது எட்டும் நேரத்தை அளப்பது பாறை இயக்கவியல் ஆய்வுகளில் வழக்கமான முறையாகும். இறுகிய பாறையில் ஒலி விரைந்து செல்லும்; விரிசல் மிகுந்த பாறையில் வேகம் குறையும். இதே அடிப்படையில்தான் மனித எலும்பின் உறுதியும் மதிப்பிடப்படுகிறது.

பரிசோதனை முறை

எலும்பின் உறுதியை நேரடியாக அறிய வேண்டுமானால், அதன் ஒரு பகுதியை வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். மீயொலி முறையில் அத்தகைய தேவை இல்லை. குதிகாலின் இருபுறமும் மீயொலிக் கருவிகள் பொருத்தப்பட்டு, களிம்பு அல்லது நீரின் வழியாக அலைகள் செலுத்தப்படுகின்றன. சில நிமிடங்களில் முடியும் இப்பரிசோதனையில் வலியோ கதிர்வீச்சோ இல்லை.

இதில் இரண்டு அளவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, எலும்பின் ஊடே ஒலி செல்லும் வேகம். மற்றொன்று, அதிர்வெண் உயர உயர ஒலி எந்த அளவுக்கு வலுவிழக்கிறது என்பது. பிரிட்டனைச் சேர்ந்த லாங்டன் குழுவினர் இந்த இரண்டாவது அளவை 1984-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினர். உறுதியான எலும்பில் ஒலியின் வேகமும் அதிகம். ஒலி வலுவிழப்பதும் அதிகம். எலும்பு மெலிந்து துளைகள் பெருகும்போது இரண்டும் குறைகின்றன.

குதிகால் எலும்பின் பெரும்பகுதி கடற்பஞ்சு போன்ற உள்ளமைப்பு கொண்டது. எலும்புத் தேய்வு இத்தகைய பகுதிகளில் விரைவில் வெளிப்படுகிறது. மேலும், அங்கு தசை குறைவாக இருப்பதால் அலைகள் எளிதில் ஊடுருவுகின்றன.

பிரான்சில் 5,600-க்கும் மேற்பட்ட முதிய பெண்களிடம் மேற்கொள்ளப்பட்டு 1996-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், குதிகால் மீயொலி அளவு குறைவாக இருந்தவர்களுக்கு இடுப்பு எலும்பு முறியும் அபாயம் அதிகம் எனக் கண்டறியப்பட்டது.

அடர்த்தி மட்டும் போதுமா?

எலும்புத் தேய்வைக் கண்டறிய, குறைந்த அளவு எக்ஸ்ரே கதிர்களைப் பயன்படுத்தும் டெக்ஸா எனும் அடர்த்திப் பரிசோதனையே இன்றும் அளவுகோலாக உள்ளது. எனினும், எலும்பின் உறுதி அடர்த்தியை மட்டும் பொறுத்தது அன்று. உள்ளமைப்பும் தரமும் அதில் பங்கு வகிக்கின்றன.

கோலார் மாவட்டத்துக்கு இந்த வேறுபாடு மிகவும் பொருந்தும். மாவட்டத்தின் பல கிராமங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து காணப்படுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். இந்த வரம்பை மிகவும் மீறிய நீரைப் பல ஆண்டுகள் பருகுவோருக்கு எலும்பின் அடர்த்தி கூடினாலும், எளிதில் முறியும் தன்மை ஏற்படக்கூடும். எனவே எந்தப் பரிசோதனைக்குச் சென்றாலும், குடித்துவந்த நீர் குறித்து மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.

வரம்புகள்

மீயொலிப் பரிசோதனை தொடக்க நிலை அறிகுறியை மட்டுமே காட்டும். எலும்புத் தேய்வு என முடிவு செய்ய உலக சுகாதார அமைப்பு வகுத்த மைனஸ் 2.5 என்ற அளவு டெக்ஸாவுக்கு உரியது. மீயொலி முடிவை அதனுடன் ஒப்பிட இயலாது. கருவிக்குக் கருவி அளவுகள் வேறுபடும். பாத வீக்கமும் முடிவை மாற்றக்கூடும். சிகிச்சையின் பலனைக் கண்காணிக்கவும் இம்முறை பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஆயினும் எளிதில் எடுத்துச் செல்லத்தக்க கருவி என்பதால், சிற்றூர் முகாம்களில் அபாயம் மிக்கவர்களை அடையாளம் கண்டு டெக்ஸா பரிசோதனைக்கு அனுப்ப இது உதவுகிறது. மாதவிடாய் நின்ற பெண்கள், 65 வயதைக் கடந்தவர்கள், சிறு விழுதலிலேயே எலும்பு முறிந்தவர்கள், ஸ்டீராய்டு மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்பவர்கள் ஆகியோர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அவற்றில் உழைத்த தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த பலர் இன்று முதுமையை எட்டியுள்ளனர். எலும்புத் தேய்வு பெரும்பாலும் வலியின்றி வளர்ந்து, முறிவின்போதே வெளிப்படும் என்பதால், முன்கூட்டியே பரிசோதித்துக் கொள்வது அவர்களுக்குப் பாதுகாப்பாக அமையும்.