சேர்ந்து நிற்கும் எழுத்து: கல்லச்சு முதல் கணினி வரை

தேங்காய்ப்பட்டணத்து உறவினர் வீட்டு நிக்காஹ் அழைப்பிதழ் கருங்கல்லில் ஓர் அச்சகத்தில் அச்சாகி வந்தது. தமிழில் ஒரு பிழையும் இல்லை. தலைப்பிலிருந்த பிஸ்மில்லாஹ் மட்டும் எழுத்தெழுத்தாகப் பிரிந்து, இடமிருந்து வலமாகக் கிடந்தது. அதை முதலில் கண்டவர்கள் எங்கள் உம்மாதான்.

இது கணினி கொண்டுவந்த புதுச் சிக்கல் அன்று. அரபியில் எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்தே சொல்லாகும். பெரும்பாலான எழுத்துகளுக்குத் தனி, முதல், இடை, கடை என நான்கு வடிவங்கள் உண்டு. தனித்தனி அச்செழுத்துகளைக் கோக்கும் முறை இதற்கு எளிதில் இசையவில்லை. 1537-38இல் வெனிஸ் நகரில் அவ்வாறு அச்சான குர்ஆனில், ஒரு புள்ளியால் மட்டுமே வேறுபடும் தால், ஃதால் என்னும் இரண்டும் வேறுபாடின்றி அமைந்துவிட்டன.

தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோர், அரபியில் இல்லாத ட, ண, ள, ப போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளும் குறிகளும் கூட்டினர். இதுவே அர்வி எனும் அரபுத்தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் இதில் நூல்கள் இயற்றினார்கள். அர்வி நூல்கள் பல கல்லச்சில் வெளிவந்தன. எழுத்தர் கைப்பட எழுதியது அப்படியே கல்லில் ஏறியதால் இணைப்பு அறவில்லை. புதிய எழுத்துகளுக்கென அச்சு வார்க்கவும் தேவைப்படவில்லை.

கணினியிலோ எழுத்து ஓர் எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. 1991இல் வெளிவந்த யுனிகோடு முறையில், ஓர் அரபு எழுத்து சொல்லில் எங்கு நின்றாலும் எண் மாறுவதில்லை. உரிய வடிவத்தைத் தேர்வதும், வலமிருந்து இடமாக அடுக்குவதும் மென்பொருளின் பணி. அப்பணி அறியாத மென்பொருளில்தான் எழுத்துகள் சிதறுகின்றன. பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்றவற்றில் இவ்விணைப்பைச் செய்யும் நிரலுக்கு ஹார்ஃப்பஸ் என்று பெயர். 'ஹர்ஃப்' என்றால் எழுத்து என்பது ஓதும் பிள்ளைகளும் அறிந்ததே.

சிலர் எழுத்துகளின் வரிசையைத் தலைகீழாக்கி ஒட்டுப்போடுவர். பார்வைக்குச் சரியாகும், ஆனால் தேடினால் கிடைக்காது, வரி மடிந்தால் மீண்டும் குலையும். வடிவமைப்பு மென்பொருளில் மத்திய கிழக்கு மொழிகளுக்கான அமைப்பைத் தேர்வதே நேர்வழி.

ஆயினும் இணைப்பு அறுந்ததா, புள்ளி தவறியதா என்று சொல்ல, அன்றும் இன்றும் ஓதத் தெரிந்த கண் வேண்டும். அந்த அழைப்பிதழ் மறுபடி அச்சானது. இம்முறை முதற்படியை உம்மா பார்த்துச் சரியென்ற பிறகே அச்சு ஓடியது. அல்ஹம்துலில்லாஹ்.