காவிரிப் படுகையில் மனையும் வாக்கும்: வாக்காளர் அடையாளச் சான்றின் வரலாறு

முன்னுரை
வாக்குச்சாவடிக்கு நேரில் வருபவர் பட்டியலில் உள்ளவர்தாம் என்பதை எவ்வாறு உறுதிசெய்வது என்னும் வினா, நடைமுறை சார்ந்ததாகத் தோன்றினும் உரிமை சார்ந்ததே. நிலமற்ற வேளாண் தொழிலாளர் மிகுந்த தஞ்சைப் பகுதியை முன்வைத்து அவ்வினாவின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலமே தகுதி
முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலையில் பெயர் எழுதப்படுவோர்க்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்கின்றன. இது பிரமதேய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு உரிய தகுதியே. ஆயினும் நிலமும் மனையும் ஊராட்சியின் நுழைவாயிலாக இருந்தமை இதனால் புலனாகிறது. 1919, 1935ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழும் சென்னை மாகாண வாக்குரிமை பெரிதும் சொத்தையும் வரியையும் சார்ந்தே அமைந்தது. பிறர் நிலத்தில் உழைத்து, பிறர் மனையில் குடிசையிட்டு வாழ்ந்த பண்ணையாள் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றார்.

வசிப்பிடமும் ஆளறிதலும்
1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இவ்வரிசையை மாற்றியது. ஓரிடத்தில் வீடு உடைமையால் மட்டும் ஒருவர் அங்கு வழக்கமாக வசிப்பவர் ஆகார் என அது விதித்தது. உடைமையன்று, வசிப்பே அளவுகோலாயிற்று. குடியிருப்பு மனையின் உரிமையைத் தொழிலாளர்க்கு வழங்கிய தமிழ்நாட்டுச் சட்டமோ 1971இல்தான் வந்தது. எனவே படுகையின் பண்ணையாளுக்கு மனைக்கு முன்பே வாக்கு கிடைத்தது.

1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின்படி, வாக்காளரை அடையாளம் காண உதவுவோரைத் தலைமை அலுவலர் அமர்த்திக்கொள்ளலாம். ஆள்மாறாட்டம் என ஐயுறும் முகவர் 2 ரூபாய் கட்டி எதிர்க்கலாம். எதிர்ப்பு நிறுவப்படாவிடின் வாக்களிக்கத் தடையில்லை. ஐயத்தை நிறுவும் சுமை முதலில் எதிர்ப்பவர்மீது இருந்தது. எனினும் ஊரில் ஆளை அறிந்து சொல்லத்தக்கவர் நிலவுடைமையாளரும் கிராம அலுவலருமாக இருந்த சூழலில், இவ்வாய்மொழிச் சான்று தொழிலாளரை அவர்களையே சார்ந்திருக்கச் செய்திருக்கும் எனக் கொள்ளலாம். 1962இல் பயன்பாட்டுக்கு வந்த அழியா மை, ஒருவர் வாக்களித்துவிட்டதைக் காட்டும். அவர் யார் என்பதைக் காட்டாது.

அட்டையின் வருகை
1993 ஆகஸ்டில், டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, ஒளிப்பட அடையாள அட்டைக்கு ஆணை பிறந்தது. அட்டை, பிறர் சாட்சியத்திலிருந்து தொழிலாளரை விடுவித்தது. அதே வேளையில் மெய்ப்பிக்கும் சுமையை அவர் கைக்கே மாற்றியது. 2018 நவம்பரில் கஜா புயல் படுகை மாவட்டங்களின் குடிசைகளைச் சிதைத்தது. 2019 பிப்ரவரியில், ஒளிப்பட வாக்காளர் சீட்டு மட்டும் அடையாளச் சான்றாகாது எனத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வாக்குப்பதிவு நடைபெற்றது. கூரையோடு தாள்களையும் இழக்க நேரும் குடும்பங்களுக்கு, ஊரக வேலை உறுதித் திட்ட அட்டை, ஒளிப்படமுள்ள வங்கிக் கணக்கேடு முதலிய மாற்று ஆவணங்களின் இன்றியமையாமை இச்சூழலில் தெளிவாகிறது.

முடிவுரை
நிலம், ஊரார் சொல், ஆவணம் எனச் சான்றின் வடிவம் மாறிவந்துள்ளது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆராயத்தக்கது மோசடி தடுக்கப்பட்டதா என்பது மட்டுமன்று. மெய்ப்பிக்கும் சுமை எவர்மீது விழுந்தது என்பதும் ஆகும்.