ஹாம்ப்டன் பள்ளியும் அதன் பழைய மாணவரும்

பழைய மாணவர் சங்கம் என்றவுடன் ஆண்டுக்கொரு விருந்து, நன்கொடைப் பட்டியல், சுவரில் பதித்த பெயர்ப்பலகை ஆகியவையே நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. தாம் பயின்ற பள்ளிக்குப் பொருள் கொடுக்க இயலாத ஓர் ஏழை மாணவர் அதற்கு எதைக் கொடுத்தார் என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிதல் நன்று. அவர் புக்கர் வாஷிங்டன். பள்ளி, அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டன்.

அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்காக 1868இல் ஜெனரல் ஆம்ஸ்ட்ராங் அப்பள்ளியை நிறுவினார். ஆசிரியர்களை உருவாக்குவதே அதன் தலையாய நோக்கம். எழுத்தறியா மக்களிடையே ஆசிரியரே ஊர்த் தலைவருமாவார் அன்றோ! உப்புக் காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்த வாஷிங்டன், 1872இல் ஏறத்தாழ 500 மைல் கடந்து, கையில் 50 காசுடன் அங்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த ஆசிரியை ஓர் அறையைக் கூட்டச் சொன்னார். அவர் மும்முறை கூட்டி, நான்கு முறை துடைத்தார். ஆசிரியை கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தும் தூசி ஒட்டவில்லை. அதுவே நுழைவுத் தேர்வாயிற்று. பள்ளிக் கட்டடத்தைத் துப்புரவு செய்தே உணவுச் செலவை ஈடுகட்டி, 1875இல் தேறினார்.

இதுவரை பலரும் அறிந்த கதை. இதன்பின் நடந்ததே நமக்கு வேண்டுவது.

வளர்ந்த ஊராகிய மால்டனில் இரவு பகலாகப் பாடம் சொன்ன வாஷிங்டன், திறமையுள்ள இளைஞர் சிலரைத் தனியே பயிற்றி ஹாம்ப்டனுக்கு அனுப்பினார். அவர்கள் நேரே மேல் வகுப்புகளிற் சேரும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருந்தனர். இவர்களை ஆயத்தம் செய்தவர் யார் என்று பள்ளி நோக்கியது. 1879இல் அவரையே ஆசிரியராக அழைத்துக்கொண்டது.

முதலில் அமெரிக்கப் பழங்குடி இளைஞர் ஏறத்தாழ 75 பேர் தங்கிய விடுதியை அவர் பொறுப்பில் விட்டனர். அவ்விளைஞர்களின் நீள்முடியை வெட்டச் செய்ததையும் கல்வி என்று இன்று நாம் ஒப்புவதற்கில்லை. அடுத்து வந்ததே இரவுப் பள்ளி. உணவுச் செலவுக்கும் வழியற்றவர்கள் பகலில் பத்து மணி நேரம் உழைப்பர். ஆண்கள் மரம் அறுக்கும் ஆலையில், பெண்கள் சலவைச்சாலையில். இரவில் இரண்டு மணி நேரம் படிப்பு. கூலியில் எஞ்சியது, பின்னர்ப் பகற்பள்ளியிற் சேர்வதற்காக அவர்கள் கணக்கில் வைக்கப்பெறும். திட்டம் ஆம்ஸ்ட்ராங்குடையது, அதற்கு உயிர் கொடுத்தவர் வாஷிங்டன். பன்னிரண்டு பேருடன் தொடங்கிய அவ்வகுப்பில், நாள் முழுதும் மரம் சுமந்து வந்தவர்கள் மணி அடித்த பிறகும் இன்னும் சற்றுப் படிப்போம் என்று மன்றாடினர். ‘நெஞ்சுரம் மிக்கோர் வகுப்பு’ என்று அவர் அதற்குப் பெயரிட்டார். இருபது ஆண்டுகளில் அது 300 பேருக்கு மேற்பட்டதாக வளர்ந்தது. துடைப்பம் பிடித்துப் படித்த ஒருவர் தம்மெதிரே நிற்பதை அம்மாணவர்கள் கண்டனர். வேறு ஊக்கவுரை தேவைப்படவில்லை.

1881இல் அலபாமாவிலிருந்து ஒரு புதிய பள்ளிக்குத் தலைவர் வேண்டுமென்று கடிதம் வந்தது. வெள்ளையர் ஒருவரையே அவர்கள் எதிர்பார்த்தனர். ஆம்ஸ்ட்ராங் வாஷிங்டனைச் சுட்டினார். ஜூலை 4ஆம் நாள் டஸ்கிகீ பள்ளி 30 மாணவருடன் தொடங்கிற்று. நிலம் வாங்க ஹாம்ப்டன் பொருளாளர் தம் சொந்தப் பணத்தில் 250 டாலர் கடன் தந்தார். துணைநின்ற ஒலிவியா டேவிட்சன் ஹாம்ப்டனில் 1879இல் தேறியவர். 1915இல் வாஷிங்டன் மறைந்தபின் அப்பொறுப்பை ஏற்ற ராபர்ட் மோட்டனும் ஹாம்ப்டன் மாணவரே; அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேல் தம் பழைய பள்ளியிலேயே மாணவர் ஒழுங்குக்குப் பொறுப்பாக இருந்தவர்.

தொழிற்கல்வியை முன்னிறுத்தி வாக்குரிமையையும் உயர்கல்வியையும் பின்தள்ளும் தலைமை போதுமா என்று 1903இல் டுபாய்ஸ் வினவினார். கடுமையான வினா; நேர்மையானதும்கூட. மரம் அறுக்கத் தெரிந்தவனுக்கு வாக்குச் சீட்டும் வேண்டும். ஆயினும் அப்பன்னிரண்டு பேருக்கும் அன்று வேறு கதவு திறந்திருக்கவில்லை.

ஆம்ஸ்ட்ராங் 1893 மே மாதம் காலமானார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், கைகால் செயலிழந்து, பேச்சும் தளர்ந்திருந்த அவர், டஸ்கிகீயை மீண்டும் ஒருமுறை காணவேண்டும் என்று விரும்பினார். இரவு ஒன்பது மணியளவில் அவர் வந்து சேர்ந்தார். ஆயிரம் மாணவரும் ஆசிரியரும் ஊசியிலை மரச் சுளுந்துகளைக் கொளுத்திப் பிடித்து வழியெங்கும் நின்றனர். ஏறக்குறைய இரண்டு மாதம் அவர் தம் பழைய மாணவர் வீட்டிலேயே விருந்தினராகத் தங்கியிருந்தார்.