தந்தை பெயர்த்துச் சொன்ன சாட்சியம்: இந்தியச் சைகைமொழிபெயர்ப்பாளர் உருவான கதை

2012இல் ராஜஸ்தான் கொலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் அன்றைய சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவுக்காகப் படிப்பார்கள். எனக்கு அது மொழிபெயர்ப்பு வரலாற்றின் ஆவணமாகத் தோன்றியது. முக்கியச் சாட்சி காது கேளாத, வாய் பேசாத ஒரு பெண். அவருடைய சைகைகளை நீதிமன்றத்துக்குப் பெயர்த்துச் சொன்னவர் அவருடைய தந்தையே. பெயர்ப்பவருக்கு வழக்கில் எந்த நலனும் இருத்தலாகாது, அவரும் உறுதிமொழி ஏற்றாக வேண்டும் என்று கூறிய உச்ச நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை ஏற்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த அப்பெண்ணிடம் எழுத்து வடிவில் வாக்குமூலம் பெறாதது ஏன் என்றும் வினவியது. விடுதலைத் தீர்ப்பு நிலைத்தது.

சட்டப்படி இது சரியே. ஆயினும் அந்தத் தந்தையை விட்டால் அங்கே வேறு யார் இருந்தார் என்ற கேள்வி தீர்ப்பைப் படித்து முடித்த பின்னும் என்னை விடவில்லை.

விடையைத் தேடினால் 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய மாநாட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுவழிக் கல்வியே தூயது, சைகை விலக்கத்தக்கது என்று அங்கே தீர்மானித்தனர். வாக்களிக்கக் கூடியிருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அடுத்த சில ஆண்டுகளில் பம்பாயிலும், 1893இல் கல்கத்தாவிலும், நூற்றாண்டு முடிவதற்குள் பாளையங்கோட்டையிலும் பள்ளிகள் எழுந்தன. காலப்போக்கில் உதட்டசைவைப் படிப்பதும் ஒலியைப் பழக்குவதுமே நம் பள்ளிகளில் பெரும்பாலானவற்றின் கல்வி ஆகிவிட்டது. வகுப்பறையில் விலக்கப்பட்ட கைகள் விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் பேசிக்கொண்டே இருந்தன. மொழி அங்கே வளர்ந்தது. அதை மொழி என்று ஒப்புக்கொள்வார் இல்லை. மொழியே இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் எதற்கு? காது கேளாத பெற்றோரின் பிள்ளைகள், உடன்பிறந்தார், இரக்கமுள்ள ஆசிரியர் ஆகியோரே மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் இடைநின்றார்கள். தாயின் நோயை மருத்துவருக்குச் சொல்லும் பொறுப்பு பத்து வயதுச் சிறுமிக்கு வந்த வீடுகள் உண்டு.

நிலைமையை மாற்றத் தொடங்கியவர்களுள் மதன் வசிஷ்டா முதன்மையானவர். பதினோரு வயதில் கேட்கும் திறனை இழந்து, டெல்லியில் புகைப்படக் கலை பயின்று, பின் அமெரிக்காவின் கலாடெட் கல்லூரிக்குச் சென்றவர். 1977இல் ஜேம்ஸ் உட்வர்ட், கிர்க் வில்சன் ஆகியோருடன் திரும்பி வந்து டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களில் சைகைகளைத் தொகுத்தார். இது இந்தியத் துணைக்கண்டத்தில் தானே முளைத்த தனிமொழி என்பது அந்த ஆய்வின் முடிவு. உல்ரிகே செஷான் 2000இல் வெளியிட்ட இலக்கண விளக்கம் அதற்கு வலுச் சேர்த்தது. வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். புருவமும் தலையசைவும் இலக்கண உறுப்புகள். ‘உன் பெயர் என்ன’ என்பதில் தமிழருக்குச் சிக்கல் இல்லை. ‘யார் வருகிறார்’ என்பது ‘வருவது யார்’ என்று மாறும்போதுதான் தடுமாறுவோம்.

இலக்கணம் கிடைத்த பிறகே பாடத்திட்டம் வந்தது. 2001 அளவில் மும்பையின் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் முறையான சைகைமொழி வகுப்புகள் தொடங்கின. மொழிபெயர்ப்பாளர் பட்டயப்படிப்பு அதிலிருந்து கிளைத்தது. பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு: கேட்கும் மாணவருக்கு இம்மொழியைக் கற்பிக்கக் காது கேளாத ஆசிரியர்கள் வேண்டும். பள்ளிப் பருவத்தில் கைகளைக் கட்டிக்கொள்ளச் சொல்லப்பட்டவர்கள் இப்போது ஆசிரியர் இருக்கையில் அமர்ந்தார்கள். அகராதிச் சைகைகளை மனப்பாடம் செய்தவர் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவதில்லை. கேட்டுக்கொண்டே கையால் சொல்வதும், பார்த்துக்கொண்டே வாயால் சொல்வதும் தனித்தனிப் பயிற்சிகள். தன் கருத்தைச் சேர்க்காமலும், கேட்டதை வெளியில் சொல்லாமலும் இருப்பது இவ்விரண்டினும் கடினமானது. வீட்டார் இடைநிற்கும்போது முதலில் தவறிப்போவது இதுதான்.

2011இல் இக்னோவின்கீழ் ஓர் ஆராய்ச்சி, பயிற்சி மையம் அறிவிக்கப்பட்டு இரண்டே ஆண்டுகளில் முடங்கியது. காது கேளாதோர் வீதிக்கு வந்து போராடினர். 2015 செப்டம்பரில் அது தன்னாட்சியுடைய சங்கமாக மறுபிறவி எடுத்தது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களுடன் தொடங்கி 2021இல் 10,000ஐத் தொட்டது.

இதற்கிடையே 2013இல் 119ஆம் பிரிவு திருத்தப்பட்டது. வாய்மொழியாகப் பேச இயலாத சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியை நீதிமன்றம் பெற்றாக வேண்டும். வாக்குமூலம் காணொளியாகவும் பதிவாக வேண்டும். அந்த ‘அல்லது’ என்ற சொல்லில் நாட்டின் பற்றாக்குறை முழுவதும் ஒளிந்திருப்பதாகவே நான் கருதுகிறேன். பேச்சுவழிக் கல்வியில் பழகிய சிறப்புக் கல்வியாளர்கள் பலருக்குச் சைகைமொழி சரளமாக வராது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதிவு செய்த செவித்திறன் குறைபாடுடையோர் 50 லட்சத்துக்கும் மேல். காணொளிப் பதிவு என்ற விதி மட்டும் ஒரு நன்மை செய்தது: பெயர்ப்பு தவறென்றால் பின்னொரு நாள் மற்றொருவர் அந்தக் கைகளைப் பார்த்துச் சொல்ல முடியும்.

2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, உச்ச நீதிமன்றத்தின் இணையவழி அமர்வில் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் முன்னிலையானார். அடுத்த மாதமே அவருக்கெனத் தன் சார்பில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றம் அமர்த்தியது. அந்தத் திரையில் உறவினர் எவரும் இல்லை.