ஈயச் சிப்பாய்க்கு யார் மார்க் போடுவது?

பி.காம். படிக்கிறவனுக்கு பொம்மைச் சிப்பாயோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். போன செமஸ்டர் லீவில் விரல் நீளமே உள்ள ஒரு சிப்பாய்க்கு வண்ணம் பூசிப் பார்த்தேன். மூன்று நாள் ஆனது. கடைசியில் அவருடைய இரண்டு கண்ணும் இரண்டு திசையைப் பார்த்தன! இதையே ஒழுங்காகச் செய்து பதக்கம் வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் இந்தப் போட்டிகளின் கதையைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 18-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் வெள்ளீயத்தில் தட்டையான சிப்பாய்கள் வார்த்தார்கள். 1848-ல் ஹைன்ரிக்ஸன் என்ற அவ்வூர்த் தயாரிப்பாளர் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் உயரத்தை ஓர் அளவாக வைத்தார். 1893-ல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் ஒரு தந்திரம் செய்தார். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகியதும் மிச்சத்தைத் திருப்பி ஊற்றிவிடுவது. உள்ளே வெறும் காற்று. உலோகம் மிச்சம், விலை குறைவு. காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்கள் கைதட்டலாம் :-)

1935-ல் பிரிட்டிஷ் மாடல் சோல்ஜர் சொசைட்டி தொடங்கியது. 1966-ல் பிரிட்டன்ஸ் நிறுவனம் ஈயப் பொம்மைகளை நிறுத்தியது. ஈயம் குழந்தைகளுக்கு விஷம் என்ற கவலைதான் முக்கியக் காரணம். ஆனால் அதற்குள் சிப்பாய்கள் பெரியவர்களின் மேஜைக்கு ஏறிவிட்டார்கள்.

சரி, போட்டியில் எதைப் பார்க்கிறார்கள்? முதலாவது வெளிச்சம். நிஜமான கோட்டின் மடிப்பில் விழுகிற நிழல் 54 மில்லிமீட்டர் பொம்மையில் அதே அழுத்தத்தோடு விழாது. அதனால் நிழலையும் வெளிச்சத்தையும் தூரிகையாலேயே வரைய வேண்டும். ஆயில் பெயின்ட் மெதுவாகக் காய்வதால் இரண்டு நிறங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைக்கலாம். அக்ரிலிக் என்றால் தண்ணீர் போல மெல்லிய பூச்சு, காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு, இப்படியே பல தடவை.

இரண்டாவது சரித்திரம். எனக்குப் பிடித்தது இதுதான். நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் படையில் எல்லாருக்கும் சிவப்புக் கோட்டு என்று நினைக்கிறோம். ஆனால் சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி வேரின் சாயம், செங்கல் மாதிரி மங்கலான சிவப்பு. அதிகாரிக்கு விலை உயர்ந்த பூச்சிச் சாயம், பளீரென்ற சிவப்பு. இருவருக்கும் ஒரே டப்பாவைத் திறந்தால் விஷயம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். பிரெஞ்சுக்காரர்களின் நீலக் கோட்டுக்கு அவுரி வேண்டும். போரினால் கடல் வழி வர்த்தகம் தடைபட்டு அவுரிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1806-ல் காலாட்படைக்கு வெள்ளைச் சீருடை என்று உத்தரவிட்டு, சில ரெஜிமென்ட்டுகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்து, 1807-ல் கைவிட்டார்கள். ஆக, ஒரு பொம்மைக்கு எந்த நிறம் என்ற கேள்விக்குள் ஓர் இறக்குமதிப் பிரச்சினையே ஒளிந்திருக்கிறது.

இனிதான் முக்கியமான சங்கதி. மார்க் எப்படிப் போடுவது?

ஒரு வழி நமக்குத் தெரிந்த முதல், இரண்டு, மூன்று. 1987-ல் இங்கிலாந்தில் தொடங்கிய கோல்டன் டெமன் போட்டி இப்படித்தான். (அது கற்பனை உலகப் பொம்மைகளுக்கானது.) ஒவ்வொரு பிரிவிலும் ஒரு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். எல்லாவற்றிலும் சிறந்ததற்கு ஒரு நிஜ வாள்!

இன்னொன்று ஓப்பன் முறை. அமெரிக்காவில் சிகாகோ சங்கத்தின் கண்காட்சி இதற்குப் பேர்போனது. நீங்கள் கொண்டுவந்தவற்றில் சிறந்த ஒன்றை நடுவர்கள் எடுத்து, பக்கத்து மேஜைக்காரரோடு ஒப்பிடாமல் ஒரு தரத்தோடு ஒப்பிடுவார்கள். பத்துப் பேர் அந்தத் தரத்தைத் தொட்டால் பத்துத் தங்கம். யாருமே தொடாவிட்டால் தங்கமே கிடையாது. 2005-ல் பாஸ்டன், 2008-ல் ஹிரோனா, 2017-ல் சிகாகோ, 2023-ல் நெதர்லாந்தின் வெல்தோவன் என்று ஊர் ஊராக நடந்த உலகக் கண்காட்சிகளும் இந்த வழியில்தான்.

பத்துப் பேருக்குக் கொடுத்தால் தங்கத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். பணவீக்கம் மாதிரிதானே? நியாயமான கேள்வி. தரத்தை முடிவு செய்வதும் மனிதர்கள்தான், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் இந்தக் கண்காட்சிகளிலும் 'பெஸ்ட் ஆஃப் ஷோ' என்று ஒரே ஒரு பரிசைத் தனியாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வேறொரு கணக்கும் இருக்கிறது. முதல் மூன்று முறையில் என் வித்தையை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் நஷ்டம் எனக்கு. ஓப்பன் முறையில் எனக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. சிகாகோக்காரரான ஷெப்பர்ட் பெயின் (1946–2015) இந்தத் துறையின் பெரிய ஆசிரியர். போர்க்களக் காட்சிகளை எப்படி அமைப்பது என்று 1980-ல் புத்தகமே எழுதினார். அவருடைய தாராள மனசுக்கு ஓப்பன் முறைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட மனசுக்கு ஏற்ற முறை இதுதான்.

பரீட்சைக்கு முந்தின வாரம் நம் வகுப்பில் எத்தனை நோட்டுகள் காணாமல் போகின்றன, எத்தனை பேருக்கு ஜெராக்ஸ் கடை திடீரென்று "மூடியிருக்கிறது" என்று உங்களுக்கே தெரியும். ரேங்க் பட்டியல் இருக்கும் வரை அதைத் தப்பென்று சொல்லவும் வாய் வரவில்லை, நானும் ஒருமுறை மறைத்தவன்தான்.

என் சிப்பாய் இப்போது மேஜையில் நிற்கிறார், கண்ணைத் திருத்தவில்லை. எந்த முறையில் பார்த்தாலும் அவருக்குப் பதக்கம் கிடையாது. ஆனால் ஓப்பன் முறையில் ஏன் கிடைக்கவில்லை என்று நடுவரிடம் கேட்டால், "உன் கண் சரியில்லை" என்பார். "அவன் உன்னைவிட நல்லவன்" என்று சொல்ல மாட்டார். முதல் பதிலை வைத்து நான் ஏதாவது செய்ய முடியும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?