குன்னூரில் ஓர் அறை

நீலகிரி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன தேயிலைத் தோட்டங்களும், மலை ரயிலும், கோடைக்காலக் குளிர்ச்சியுமே. அம்மலையிலுள்ள குன்னூருக்கு வேறொரு பெருமையும் உண்டு. நோய்களை ஆராய்வதற்கென்று எழுந்த நிலையம் ஒன்று நூறாண்டுகளுக்கு மேலாக அங்கே நின்று நிலவுகிறது. அதன் கதையை மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன். அதையும் ஒரு கேள்வியை முன்வைத்தே சொல்லப் போகிறேன். ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வருகிறது? வந்த பொருள் நடுவில் நின்றுவிட்டால் என்ன ஆகிறது? அறிவியல் வரலாற்று நூல்கள் அறிஞரின் பெயரைச் சொல்லும். அவர் கண்ட உண்மையைச் சொல்லும். அவருக்கு இடம் கொடுத்தவர் யார், ஊதியம் கொடுத்தவர் யார் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

கதை பாரிஸ் நகரத்தில் தொடங்குகிறது. 1885-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தாம் கண்ட தடுப்பு மருந்தை ஊசி வழியே செலுத்தச் செய்து அவனைக் காத்தார். உலகம் வியந்தது. வியந்ததோடு நில்லாமல் பொருளும் தந்தது. உருசியப் பேரரசர் முதல் எளிய தொழிலாளர் வரை பலரும் அளித்த நன்கொடையால் 1888-இல் பாரிஸில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பெற்றது. அதைப் பின்பற்றிப் பல நாடுகளிலும் பாஸ்டர் நிலையங்கள் தோன்றின. நம் நாட்டில் முதலாவது 1900-இல் சிம்லாவுக்கு அருகிலுள்ள கசௌலியில் தோன்றியது.

வெறிநாய்க்கடி நோயின் இயல்பை இங்கே ஒருவாறு அறிந்துகொள்ள வேண்டும். அந்நோயின் கிருமி கடிவாயிலிருந்து நரம்பின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்லும். மூளையை அடைந்து நோய்க்குறிகள் தோன்றிவிட்டால், பிழைப்பவர் மிக மிக அரியர். ஆகவே, அது மூளையை அடையும் முன்னரே மருந்து தொடங்கியாக வேண்டும். ஆனால், அன்று சென்னையில் நாய் கடித்தவர் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் சென்று, இமயமலைச் சாரலில் ஏறியல்லவா அம்மருந்தைப் பெற வேண்டியிருந்தது! வழிச்செலவுக்குப் பணம் இருந்தாலும், வழியில் கழியும் நாட்களை எவரால் வாங்க இயலும்?

1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கில மாது இந்நோயால் இறந்தார். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்னும் எண்ணம் அத்துயரத்தால் வலுப்பெற்றது. எண்ணம் இருந்தது, பொருள் இல்லை. அப்பொருள் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் கார்னகியோடு கூட்டாக இரும்புத் தொழில் நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டியவர் ஹென்றி பிப்ஸ். அவர் இந்தியாவின் நலத்துக்கென்று கர்சன் பிரபுவிடம் ஒரு பெருந்தொகையை ஒப்படைத்தார். அதில் ஒரு பகுதி பீகாரிலுள்ள பூசாவில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமையப் பயன்பட்டது. மற்றொரு பகுதி குன்னூருக்கு வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் 1899-இலேயே வந்துவிட்டமையால், நோயாளிகள் ஏறி வருவதற்கு வழியும் இருந்தது. 1907-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் தன் பணியைத் தொடங்கியது.

நன்கொடை கட்டடம் எழுப்பியது. அக்கட்டடத்தின் உண்மையான பயன் பதினோர் ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கியது எனலாம். 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் என்னும் இராணுவ மருத்துவர் குன்னூருக்கு வந்தார். அவர் ஆராய வந்தது வெறிநாய்க்கடியை அன்று. பெரிபெரி என்னும் நோயை. கால்கள் மரத்துப் போய், நெஞ்சம் தளர்ந்து, மனிதனை வீழ்த்தும் நோய் அது. கிருமியால் வருவதன்று, உணவில் குறையுள்ளமையால் வருவது. பாஸ்டர் நிலையத்தார் தம் கட்டடத்தில் ஓர் அறையை அவருக்கு ஒதுக்கித் தந்தனர். அந்த ஓர் அறையே இந்தியாவில் உணவூட்ட ஆராய்ச்சிக்குத் தொட்டில் ஆயிற்று. அறை பாஸ்டர் நிலையத்தினுடையது. ஆய்வுச் செலவோ அரசாங்கத்தின் தலையில் இருந்தது. மருத்துவ ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்வதற்கென்றே 1911-இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் என்னும் அமைப்பும் இந்நாட்டில் ஏற்பட்டிருந்தது.

இனி, கதையின் துயரமான பகுதிக்கு வருகிறேன். முதல் உலகப் போருக்குப் பின் அரசாங்கத்தின் கருவூலம் வற்றியது. செலவைக் குறைக்க வழி கூறும்படி இஞ்ச்கேப் பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. வெட்டவேண்டிய செலவுகளைத் தேடுவோரின் கண்ணில், மலைமேல் ஓர் அறையில் எலிகளுக்கும் புறாக்களுக்கும் தீனி போடும் வேலை வீண் செலவாகவே பட்டிருக்கும். 1923-இல் மெக்கரிசனின் ஆய்வு நிறுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகள் அவ்வேலை நடைபெறவில்லை. 1925-இல்தான் மீண்டும் உயிர் பெற்றது.

இரண்டு ஆண்டுகள்தாமே என்று எண்ண வேண்டா. தறியில் பாவு ஓடிக்கொண்டிருக்கும்போது நூலை அறுத்தால், மீண்டும் ஒவ்வோர் இழையாக முடிந்த பின்னரே நெசவு தொடரும். ஆராய்ச்சியும் அத்தகையதே. பழக்கிய உதவியாளர் பிரிவர். வளர்த்த உயிரினங்கள் அழியும். எண்ணத்தின் தொடர்ச்சியும் அறும்.

மீண்டும் தொடங்கிய பின் நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். மெக்கரிசன் இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனிக் கூட்டமாக எலிகளுக்கு அளித்து, அவற்றின் வளர்ச்சியை நிறுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியரின் உணவை உண்ட எலிகள் நன்கு கொழுத்தன. தீட்டிய அரிசியையே பெரும்பாலும் நம்பிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசியில் நின்றன. 1928-இல் பள்ளி மாணவர்க்கென்றே உணவைப் பற்றிய சிறுநூல் ஒன்றையும் அவர் வெளியிட்டார். அதே ஆண்டில் அந்த ஓரறை ஆய்வு, உணவூட்ட ஆராய்ச்சிக் கூடம் என்னும் பெயரோடு தனி நிறுவனமாக உயர்ந்தது.

1935-இல் மெக்கரிசன் ஓய்வு பெற, வாலஸ் அய்க்ராய்ட் அப்பொறுப்பை ஏற்றார். நம் வீடுகளில் புழங்கும் புழுங்கலரிசியின் அருமையை அறிவியல் முறையில் விளக்கியவர்களுள் அவரும் அவருடன் உழைத்தவர்களும் குறிப்பிடத்தக்கவர்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயாமின் என்னும் பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்குகிறது. ஆலையில் தீட்டிய பின்னும் அதில் ஒரு பங்கு எஞ்சி நிற்கிறது. பச்சரிசியைத் தீட்டி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் அருகியிருந்ததன் காரணம் இதுவே. நம் பாட்டிமார் அறியாமலே செய்த நன்மையைக் குன்னூர் அறிந்து சொல்லிற்று. 1937-இல் அய்க்ராய்ட் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்துப் பட்டியல், பின்னர்ப் பலமுறை திருத்தி விரிவாக்கப்பட்டது. கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. அங்கிருந்து 2017-இல் புதிய பட்டியல் வெளிவந்தது. 1923-இல் நின்ற ஆய்வு நின்றபடியே இருந்திருந்தால், இவற்றுள் எது நமக்குக் கிடைத்திருக்கும் என்று எவரால் சொல்ல இயலும்?

மற்றொன்றையும் கருதுங்கள். ஒரு நோய்க்காகக் கட்டிய வீடு, கட்டியவர் கனவிலும் எண்ணாத வேறு நோய்க்கும் உதவுகிறது. 1957 மே மாதத்தில் ஆசிய இன்ஃப்ளூயன்சா கப்பல் வழியே சென்னைத் துறைமுகத்தை அடைந்து நாடெங்கும் பரவியது. அந்நோயை ஆராயும் மையம் ஒன்று குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் முன்னரே இயங்கி வந்தமையால், கிருமியை அறியும் பணி அங்கே உடனே நடைபெற்றது. பாரிஸிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1983-இல் எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மொந்தாஞியேவுமே ஆவர். 2008-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். வெறிநாய்க்கடிக்கென்று மக்கள் நன்கொடை அளித்து 95 ஆண்டுகள் கழித்து விளைந்த பயன் அது.

எய்ட்ஸ் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த டாக்டர் சுனிதி சாலமனின் தூண்டுதலால், செல்லப்பன் நிர்மலா என்னும் முதுநிலை மாணவி தம் ஆய்வேட்டுக்காகச் சென்னையில் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். குளிரூட்டிய சேமிப்பறை இல்லை. தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே அவற்றை வைத்தார். பனிக்கட்டிப் பெட்டியில் ஏந்தி, இரவு ரயிலில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். 1986-இல் அங்கே 6 மாதிரிகளில் கிருமி இருப்பதற்கான சான்று தெரிந்தது; அமெரிக்காவில் செய்த சோதனையும் அதை உறுதிப்படுத்தியது. எய்ட்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது என்பதை நாடு அவ்வாறுதான் அறிந்தது. குன்னூரில் ஓர் அறை. சென்னையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி. பெரிய ஆராய்ச்சிகளின் தொடக்கம் எத்துணைச் சிறியது, பாருங்கள்!

சிறிய தொடக்கத்துக்குக் கைகொடுப்பதே அறிவுடைய செலவு என்பதைப் பின்னர் உலகம் உணர்ந்தது. 1988 முதல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பல பல்கலைக்கழகங்களில் எய்ட்ஸ் ஆய்வு மையங்களை அமைக்கப் பொருள் உதவின. அம்மையங்கள் செய்யும் வேலைகளுள் இரண்டு முதன்மையானவை. விலையுயர்ந்த கருவிகளையும் வல்லுநரையும் ஓரிடத்தில் வைத்து, எத்துறை ஆய்வாளரும் பகிர்ந்துகொள்ளச் செய்வது ஒன்று. பெரிய மானியம் கேட்கும் தகுதியை இன்னும் பெறாத இளைஞருக்கு, ஓர் எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கச் சிறுதொகை அளிப்பது மற்றொன்று. குன்னூரார் 1918-இல் ஓர் அறையைப் பகிர்ந்து கொடுத்ததும் இதே நெறியன்றோ? நம் நாட்டிலும் 1911-இன் நிதிச் சங்கம் 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாக மாறியது. மருத்துவம் பயிலும் இளநிலை மாணவரும் குறுகிய காலம் ஆராய்ச்சி செய்யும்படி உதவித்தொகைத் திட்டம் ஒன்றை அக்கழகம் 1979-இல் தொடங்கியது.

பொருளைக் காலத்தில் இடவில்லையெனில் மூத்த நிறுவனமும் தளரும். 1977-இல் இந்தியப் பாஸ்டர் நிலையம் என்னும் பெயர் பெற்ற குன்னூர் நிலையம், குழந்தைகளுக்கான முத்தடுப்பு மருந்தும் செய்து வந்தது. புதிய உற்பத்தித் தரங்களுக்கு ஏற்ப அதன் கூடங்கள் இல்லை என்னும் காரணத்தால், 2008-இல் அதன் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2010-இல் அந்த ஆணை நீக்கப்பெற்றது. கட்டடம் கட்டுவதற்குக் கிடைக்கும் ஊக்கம், அதைக் காலத்துக்கேற்பப் புதுப்பிப்பதற்குக் கிடைப்பதில்லை. ஏரி வெட்டியவன் பெயர் கல்வெட்டில் இருக்கும். ஆண்டுதோறும் தூர் எடுத்தவன் பெயரை யார் அறிவர்? ஆயினும், அவன் இல்லையேல் வயலுக்கு நீர் இல்லை.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை ஆராய்ச்சியாளர் ஆவீர்கள். உங்களுக்குக் கிடைப்பது ஓர் அறை மட்டுமேயாயினும் அதைச் சிறிதென்று எண்ண வேண்டா. பலர் அதிகாரிகளாகவும், சட்டமன்ற உறுப்பினர்களாகவும், பொருள் படைத்தோராகவும் விளங்குவீர்கள். வரவுசெலவுக் கணக்கு உங்கள் முன் வரும். எலிக்குத் தீனி என்று ஒரு வரி அதில் இருக்கும். அதை அடிக்கப் பேனாவை எடுக்கும்போது, அந்த எலி எந்த நோயைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள்.