27 வருஷம் கழிச்சு மறுபடி முத்துக் குளிச்சவங்க

இந்த எபிசோட் ஒரு சின்ன அவமானத்துல இருந்து ஆரம்பிக்குது.

காலேஜ் கடைசி வருஷம் அந்தமான் போனப்போ ஸ்கூபா டைவிங் கோர்ஸ் முடிச்சேன். அதுக்கப்புறம் வேலை, லேப்டாப், ஆன்கால். ஏழு வருஷம் தண்ணிக்குள்ள தலையை விடவே இல்லை. போன மாசம் புதுச்சேரியில மறுபடி டைவ் பண்ணலாம்னு போனேன். "கடைசியா எப்போ இறங்கினீங்க?"ன்னு பயிற்சியாளர் கேட்டார். சொன்னேன். "அப்போ இன்னைக்குக் கடல் கிடையாது தம்பி, நீச்சல் குளம்தான்"னுட்டார்.

குளத்துல முதல் பாடம் மாஸ்க்குக்குள்ள தண்ணியை விட்டு, மூக்கால காத்தை ஊதி அதை வெளியே தள்றது. ரொம்ப அடிப்படையான விஷயம். நான் ஊதுறதுக்குப் பதிலா உறிஞ்சிட்டேன். இருமிக்கிட்டே மேலே வந்தேன். தண்ணி ஆழம் என்னவோ என் நெஞ்சளவுதான்!

நான் இளம்பிள்ளைக்காரன். சேலத்துப் பக்கம் ஊர் முழுக்கத் தறி. கடல் பார்க்கணும்னா ராத்திரி பஸ் ஏறணும். நீச்சல் பழகினது தோட்டத்துக் கிணத்துல, இடுப்புல கயிறு கட்டி. வாளி கிணத்துக்குள்ள விழுந்துட்டா பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுவாங்க. அதுக்கும் சிக்கலைன்னா தாத்தா மூச்சைப் பிடிச்சு உள்ளே போய் எடுத்துட்டு வருவார். அவருக்கு ஸ்கூபான்னா என்னன்னே தெரியாது. ஆனா எத்தனை வருஷம் கழிச்சு இறங்கினாலும் தடுமாறினதே இல்லை.

ஊருக்குத் திரும்பி வரும்போது பஸ்ல ஒரு கேள்வி ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஏழு வருஷ இடைவெளிக்கே எனக்கு இந்த நிலைமைன்னா, 27 வருஷம் நின்னுபோன ஒரு தொழிலுக்கு ஒரு ஊரே திரும்பிப் போனது எப்படி? ஏன்னா தமிழ்நாட்டுல அப்படி ஒண்ணு நடந்திருக்கு. இடம் தூத்துக்குடி. வருஷம் 1955. தொழில் முத்துக்குளித்தல்.

கொற்கையில இருந்து தூத்துக்குடி வரை

மன்னார் வளைகுடா முத்து உலகத்துக்கே தெரிஞ்ச சரக்கு. பாண்டியரோட துறைமுகமான கொற்கை சங்க இலக்கியத்துல முத்துக்காகவே பேசப்படுது. சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடி கிரேக்க மொழியில எழுதின 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்'ங்கிற வணிகக் கையேட்டுலயும் கொற்கை வருது. அங்க தண்டனைக் கைதிகளை வெச்சு முத்துக் குளிக்கிறாங்கன்னு எழுதியிருக்கு. முத்தோட வரலாறு பளபளன்னு ஆரம்பிக்கலைங்கிறதை மனசுல வெச்சுக்கோங்க.

13ஆம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ வர்றார். ஏப்ரல்ல தொடங்கி மே நடுவரைக்கும்தான் சீசன்னு சொல்றார். கிடைக்கிறதுல பத்துல ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதுல ஒரு பங்கு, மந்திரம் போட்டுப் பெரிய மீன்களைக் கட்டிப்போடுறவங்களுக்கு. அந்த மந்திரம் பகல்ல மட்டும்தான் வேலை செய்யும், ராத்திரியில கட்டை அவிழ்த்துடுவாங்க. அதனால யாரும் இருட்டுல திருட்டுத்தனமா இறங்க மாட்டாங்க! பாதுகாப்பும் காவலும் ஒரே சிஸ்டத்துல முடிஞ்சுபோச்சு. இவங்களுக்குக் கடல்கட்டின்னு பேர். ஆங்கிலேயர் காலத்துலயும் சுறா கட்டுறவங்க முத்துக்குளிப்புக்கு வந்தாங்க. அவங்க இல்லைன்னா ஆட்கள் தண்ணியில இறங்க மாட்டாங்க.

இந்தக் கடலோட பழைய சொந்தக்காரங்க பரதவர். 1530கள்ல அவங்க கூட்டமா கத்தோலிக்கத்துக்கு மாறினதுக்குப் பின்னாடியும் முத்துத்துறை யார் கையிலங்கிற போட்டி இருக்கு. போர்ச்சுகீசியர் பாதுகாப்புத் தர்றோம்னு உள்ளே வந்தாங்க. 1658ல டச்சுக்காரங்க, அப்புறம் ஆங்கிலேயர். ஆட்சி மாறிக்கிட்டே இருந்துச்சு. கல்லைக் கட்டிக் கீழே போனது அதே மக்கள்தான்.

கல், கயிறு, மச்சான்

எப்படிக் குளிச்சாங்க? சுமார் 15ல இருந்து 20 கிலோ எடையுள்ள கல் ஒண்ணு, கயித்துல கட்டினது. அதுல காலை வெச்சு நின்னுக்கிட்டா ஆளை நேரா அடிக்கு இழுத்துட்டுப் போயிடும். அடியைத் தொட்டதும் ஆள் கல்லை விட்டுடுவார், மேலே படகுல இருக்கிறவர் கல்லை இழுத்துக்குவார். கீழே இருக்கிறவர் கையால துழாவி, சிப்பிகளைப் பிச்சு, கழுத்துலயோ இடுப்புலயோ கட்டின வலைப்பைக்குள்ள போடுவார். ஆழம் ஏறக்குறைய 9ல இருந்து 18 மீட்டர். மூச்சுப் பிடிக்கிற நேரம் ஒரு நிமிஷம், கொஞ்சம் முன்னே பின்னே. கயித்தை ஆட்டினா மேலே தூக்கணும். இது ஒரு நாள்ல திரும்பத் திரும்ப நடக்கும்.

பத்து மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேலே இருக்கிறதைப் போல ரெண்டு மடங்கு. நுரையீரல்ல இருக்கிற காத்து பாதியா சுருங்கும். ஸ்கூபாவுல அந்த அழுத்தத்துக்கு ஏத்த காத்தை ரெகுலேட்டர் கொடுத்துக்கிட்டே இருக்கும். அதனால முதல் விதி, மூச்சைப் பிடிக்காதே. பிடிச்சுக்கிட்டே மேலே வந்தா உள்ளே இருக்கிற காத்து விரிஞ்சு நுரையீரலே கிழியலாம். முத்துக் குளிக்கிறவருக்கோ மூச்சைப் பிடிக்கிறதுதான் மொத்தத் தொழிலும். கிணத்துல தாத்தா பண்ணதும் அதுதான். அவர் பழக்கம் ஸ்கூபாவுல எனக்கு உதவாததுக்கும் இதுதான் காரணம்.

மேலே கயிறு பிடிக்கிறவர் யார்? தென் தமிழ்நாட்டுல ரொம்ப நாளா புழங்குற பேச்சு ஒண்ணு உண்டு. அது மச்சானாத்தான் இருக்கணும், அதாவது பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன். கயித்தை விட்டா அவன் தங்கச்சி வாழ்க்கை போயிடும், அதனால விட மாட்டான். எல்லாப் படகுலயும் மச்சான்தான் நின்னாரான்னு கேட்காதீங்க. ஆனா இந்தப் பேச்சுல ஒரு கணக்கு இருக்கு. ஸ்கூபாவுல 'பட்டி'ன்னு ஒரு ஜோடியைச் சேர்த்து விடுவாங்க, அரைமணி நேரத்துக்கு முன்னாடி அறிமுகமான ஆள். இங்க அந்த ஜோடியைக் கல்யாணமே முடிவு பண்ணிடுது.

கடல் எப்போ கூப்பிடும்?

இப்போ இடைவெளிக்கு வருவோம். முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடக்கிற விஷயம் கிடையாது. முத்துச்சிப்பி வளர்றது 'பார்'னு சொல்ற கடலடிப் பாறைத் திட்டுகள்ல. குஞ்சுச் சிப்பி முதல்ல தண்ணியில மிதக்கும், அப்புறம் ஒரு கெட்டியான இடத்துல ஒட்டிக்கும். நீரோட்டம் வேற பக்கம் தள்ளிட்டுப் போனா அந்த வருஷம் பார் காலி. ஒட்டினாலும் மணல் வந்து மூடலாம். திருக்கை, நட்சத்திரமீன் தின்னலாம். சூரன்னு ஒரு மட்டி மேலே படர்ந்து மூச்சுமுட்ட வைக்கலாம். இதெல்லாம் தாண்டி மூணு வருஷத்துக்கு மேல வளர்ந்தாத்தான் முத்து எடுக்க லாயக்கு. அதையும் சில வருஷத்துக்குள்ள எடுத்தாகணும், சிப்பிக்கு ஆயுசு குறைவு.

அதனால அரசாங்கம் ஆளை அனுப்பிப் பாரைச் சோதிச்சு, சிப்பி இருந்தா மட்டும் தேதி அறிவிக்கும். அறிவிச்சுட்டா கரையில திடீர்னு ஒரு ஊரே முளைக்கும். 1905ல இலங்கைப் பக்கம், மரிச்சுக்கட்டியில நடந்த குளிப்புல எட்டுக் கோடிக்கும் மேல சிப்பி எடுத்தாங்க. சிப்பிகளை ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. உள்ளே என்ன இருக்குன்னு வாங்குறவருக்குத் தெரியாது, சுத்தமான சூதாட்டம். சிப்பியை அழுக விட்டு, ஈ மொய்க்க, கழுவிக் கழுவி முத்தைத் தேடுவாங்க. அந்த நாத்தத்துக்கு நடுவுலதான் நெக்லஸ் பிறக்குது. அடுத்த வருஷம் ஆங்கிலேய அதிகாரிகள் அந்தப் பார்களை ஒரு தனியார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டாங்க. 1907க்கு அப்புறம் சிப்பியே இல்லை. கம்பெனி படுத்துடுச்சு.

தூத்துக்குடிப் பக்கம் 1926, 27, 28ன்னு தொடர்ந்து குளிப்பு நடந்துச்சு. அப்புறம் நின்னுபோச்சு. 27 வருஷம்.

1955

அந்த 27 வருஷத்துல உலகம் என்னெல்லாம் ஆச்சுன்னு யோசிங்க. ஜப்பான்ல மிக்கிமோட்டோ 1893லயே சிப்பிக்குள்ள முத்தை வளர்த்துக் காட்டிட்டார். 1920கள்ல வளர்ப்பு முத்து ஐரோப்பியச் சந்தையைப் பிடிச்சது. பின்னாடியே பொருளாதார மந்தம். பாரசீக வளைகுடாவுல முத்துத் தொழில் சரிஞ்சது. நடுவுல உலகப்போர், சுதந்திரம். 1928ல 20 வயசுல குளிச்சவருக்கு 1955ல 47 வயசு. அவருக்குப் பிறந்த பையன் முத்துச்சிப்பிக்காக ஒரு தடவைகூடக் கல்லுல கால் வெச்சிருக்க முடியாது.

ஆனா 1955ல பார் நிறைஞ்சப்போ இறங்க ஆள் இருந்தாங்க. அந்த வருஷம் தொடங்கி 1961 வரைக்கும் வருஷா வருஷம் குளிப்பு நடந்துச்சு. எப்படி முடிஞ்சது?

எனக்குப் புரிஞ்ச பதில் சங்கு. மன்னார் வளைகுடாவுல சங்கு குளித்தல் ஒரு தனித் தொழில். அது முத்து மாதிரி காணாமப் போகலை. வங்காளத்துல கல்யாணமான பொண்ணுங்க போடுற சங்கு வளையலுக்கு இங்க இருந்துதான் காலங்காலமா சங்கு போச்சு. அந்தச் சந்தை இருந்ததால சீசனுக்குச் சீசன் ஆட்கள் தண்ணிக்குள்ள போய்க்கிட்டே இருந்தாங்க. அதே கடல், அதே மூச்சு, அதே கயிறு. முத்து 27 வருஷம் லீவு எடுத்துச்சு. குளிக்கிற கை எடுக்கலை.

நம்ம பாஷையில சொல்லணும்னா, புராஜெக்ட் நின்னுபோச்சு, ஆனா டீமை யாரும் கலைக்கலை. என் கேஸ் வேற. நான் தனியாளா கத்துக்கிட்டேன், தனியாளா மறந்தேன். ஊர்ல என்னைத் தண்ணிக்குள்ள கூப்பிட ஒரு மச்சானும் இல்லை.

1961க்கு அப்புறம்

அந்தக் கடைசி வருஷங்கள்லதான் ஸ்கூபாவும் இந்தக் கடலுக்கு வருது. 1943ல கூஸ்டோவும் கன்யானும் உருவாக்கின அக்வாலங், 1950களின் முடிவுல ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு அனுப்பின நிபுணர் மூலமா மன்னார் வளைகுடாப் பார்களை ஆராயப் பயன்பட்டது. பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட மகாதேவன், நாகப்பன் நாயர் போன்ற விஞ்ஞானிகள் தாங்களே இறங்கித் தூத்துக்குடிக் கடலடியைப் பதிவு பண்ணாங்க. அதே நிறுவனத்தின் அழகர்சாமி 1973ல தூத்துக்குடி பக்கத்துல வேப்பலோடையில வளர்ப்பு முத்தை உருவாக்கினார். 1981ல பொரிப்பகத்துலயே சிப்பிக் குஞ்சு உற்பத்தி பண்ணாங்க. அதைக் கடல்ல விட்டுப் பாரை மறுபடி நிரப்பப் பார்த்தாங்க.

ஆனா பார் பழையபடி நிறையலை. 1961க்கு அப்புறம் தூத்துக்குடியில முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. சங்கு குளிக்கிறவங்க இன்னமும் இருக்காங்க. கல்லுக்குப் பதிலா கம்ப்ரஸர்ல இருந்து குழாய் வழியா வர்ற காத்தை வாயில கடிச்சுக்கிட்டு நிறையப் பேர் இறங்குறாங்க. அதிக நேரம் கீழே இருந்துட்டு வேகமா மேலே வந்தா ரத்தத்துல நைட்ரஜன் குமிழி கட்டும், கை கால் விழும், உயிரே போகும். எனக்கு ஒரு குளத்துல நெஞ்சளவுத் தண்ணியில கிடைச்ச பாதுகாப்புப் பாடம், அதையே பிழைப்பா வெச்சிருக்கிற பலருக்குக் கிடைக்கலை. இந்த எபிசோட்ல என்னை அதிகமா உறுத்தின விஷயம் இதுதான்.

இன்னொண்ணு. 1961ல 20 வயசுல இறங்கினவருக்கு இன்னைக்கு 80 தாண்டியிருக்கும். தூத்துக்குடி, கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் இதைக் கேட்கிறவங்க யாராவது இருந்தா, உங்க வீட்டுல, தெருவுல கல்லைக் கட்டி இறங்கின தாத்தா இருக்காரான்னு விசாரிங்க. எந்தப் பார், கயிறு பிடிச்சது யார், கீழே கண்ணுக்கு என்ன தெரிஞ்சதுன்னு கேட்டு ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி வைங்க. பார் என்னைக்காவது திரும்பலாம். அவங்க திரும்ப மாட்டாங்க.

நான்? அடுத்த வாரம் மறுபடி புதுச்சேரி. இந்தத் தடவை மச்சானையும் கூட்டிட்டுப் போறேன். அவருக்கு நீச்சலே தெரியாது, கரையில நின்னு பார்த்துக்கட்டும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.